தென்னாப்பிரிக்காவில் புத்தாக்க ஆளுகை முதுகலை படித்தால் சொந்தத் தொழில் தொடங்க உதவுமா?

கேட்டவர் கோவையில் பி.இ. முடித்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். தொழில்நுட்பம், சமூகப் புத்தாக்கம், தொழில்முனைவு இதையெல்லாம் யார் எப்படி நெறிப்படுத்துவது என்று ஒரு முதுகலைப் படிப்பு இருக்கிறதாமே, அங்கே வந்து படித்துவிட்டு ஒரு ஸ்டார்ட்அப் தொடங்கலாமா என்கிறார்.

ஸ்டார்ட்அப்புக்காக என்றால் வேண்டாம். அந்தப் பணத்தையும் இரண்டு வருடத்தையும் தொழிலிலேயே போடுங்கள். நான் இதைப் படித்தவன், படித்ததற்காக வருத்தப்படாதவன், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

என் கதை இது. திருநெல்வேலிக்காரன், டர்பனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ப்ரீபெய்டு கரண்ட் டோக்கன் விற்கும் மென்பொருள் எழுதுகிற ஒரு கம்பெனியில் வேலை. இந்த ஊரில் நிறைய வீடுகளில் மாதக் கடைசியில் பில் வராது; கடையிலோ போனிலோ பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று வரும், அதை வீட்டு மீட்டரில் அடித்தால் யூனிட் ஏறும். எஸ்.டி.எஸ். என்கிற இந்த முறை உருவானதே தென்னாப்பிரிக்காவில்தான், பிறகுதான் உலகத் தரநிலையாகிப் பல நாடுகளுக்குப் போனது. ஒவ்வொரு டோக்கனுக்குள்ளும் ஒரு நேரக் குறிப்பு இருக்கும், 1993 ஜனவரி 1-லிருந்து எத்தனை நிமிடம் ஆனது என்று. அதற்கு ஒதுக்கிய இடம் 24 பிட், அதாவது 0, 1 மட்டும் வரும் 24 இலக்கம். கணக்குப் போட்டால் 1,67,77,216 நிமிடம், கிட்டத்தட்ட 32 வருடம், அது 2024 நவம்பர் 24-இல் தீர்ந்துபோனது. அதற்குள் ஒவ்வொரு மீட்டரிலும் டோக்கனைச் சரிபார்க்கும் ரகசியச் சாவியை மாற்றும் இரண்டு எண்களை அடித்தாக வேண்டியிருந்தது. அடிக்காத மீட்டர் அதற்குப் பிறகு வாங்கும் டோக்கனை ஏற்காது.

எங்களுக்கு ஆபீஸில் இது ஒரு 'ரோல்ஓவர் ப்ராஜெக்ட்', எக்செல் ஷீட்டில் ஒரு வரி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார ஆண்டிக்கு அது சமையலறைக் கதவுக்கு மேலே, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் உயரத்தில் இருக்கிற ஒரு பழைய மீட்டர், அதில் 5-ம் 8-ம் தேய்ந்து ஒரே மாதிரி தெரியும். எழுபது தாண்டியவர். ஆண்டிக்குத் தமிழ் தேவாரத்தோடு சரி, மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் ஸ்டூலில், அவர் கீழே நின்று சீட்டைப் படிக்கிறார். முதலில் சாவி எண் இரண்டு, அப்புறம் வாங்கிய டோக்கன், ஆக மொத்தம் 60 இலக்கம். 'டபுள் செவன்' என்றார், நான் ஒரு ஏழு அடித்தேன். ரிஜெக்ட். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை உள்ளே போனதும் ஆண்டி கேட்டார்: "இதை யாருப்பா முடிவு பண்ணினது? எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

மென்பொருள் எழுதினவன் நான்தான், எனக்குப் பதில் தெரியவில்லை. அரசாங்கமா? இல்லை. அந்தத் தரநிலையைப் பார்த்துக்கொள்வது லாப நோக்கில்லாத ஒரு சங்கம், அதில் மீட்டர் செய்கிறவர்களும் கரண்ட் விற்கிறவர்களும் உறுப்பினர்கள். 24 பிட் போதும் என்று எப்போதோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் முடிவு செய்தார்கள், அன்றைக்கு அது நியாயமான முடிவும்கூட. ஸ்டூலில் ஏறியது முப்பது வருடம் கழித்து வேறு யாரோ. அப்போது நான் ஏற்கெனவே பகுதிநேரமாக இந்தப் படிப்பில் சேர்ந்து, என்ன ஆய்வு செய்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். ஆண்டி தலைப்பு கொடுத்துவிட்டார்.

'ஆளுகை' என்றால் அரசாங்கம் போடும் சட்டம் மட்டும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். தரநிலைக் குழு, வங்கி விதி, பேடன்ட் ஒப்பந்தம், மார்க்கெட் சங்கத் தலைவர் எல்லாமே அதில் வரும். முதல் செமஸ்டரிலேயே டேவிட் காலிங்ரிட்ஜ் 1980-இல் சொன்ன சிக்கலைப் படிக்க வைப்பார்கள்: ஒரு தொழில்நுட்பம் புதிதாக இருக்கும்போது மாற்றுவது சுலபம், ஆனால் அதனால் என்ன வரும் என்று தெரியாது, என்ன வரும் என்று தெரிகிற காலத்தில் அது ஊரெல்லாம் வேர்விட்டிருக்கும், அசைக்க முடியாது. படித்தபோது சும்மா தலையாட்டினேன். ஸ்டூலிலிருந்து இறங்கிய பிறகு புரிந்தது.

வகுப்பில் எனக்குப் பிடித்தது பாடப்புத்தகத்தை விட சண்டைகள்தான். ஒரு நாள் ஸ்டாக்வெல் பற்றிப் பேச்சு வந்தது. இங்கே கறுப்பின மக்கள் நடத்தும் சேமிப்புக் குழு, மாதாமாதம் எல்லோரும் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. மளிகைக்கு ஒன்று, சாவுச் செலவுக்கு ஒன்று என்று தனித்தனியாகவும் உண்டு. பேராசிரியர் இதைச் சமூகப் புத்தாக்கம் என்று வியந்து சொல்ல, நான் கை தூக்கி, எங்கள் ஊரில் இதற்குப் பெயர் சீட்டு, என் அம்மா முப்பது வருடமாகப் போடுகிறார் என்றேன். சிரிப்பு அடங்கியதும்தான் நல்ல கேள்வி வந்தது. தென்னாப்பிரிக்கா ஸ்டாக்வெல்லை வங்கிச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்து ஒதுங்கி நிற்கிறது. இந்தியா 1982-இல் சீட்டுக்கென்றே சட்டம் போட்டு, நடத்துகிறவர் எத்தனை சதவீதம் கமிஷன் எடுக்கலாம் என்பது வரை எழுதிவைத்து, 2019-இல் அதை 5-லிருந்து 7 ஆக்கியது. எது ஏழைக்கு நல்லது? சீட்டுக் கம்பெனி ஓடிப்போன ஊரிலிருந்து வந்தவன் ஒரு பக்கம், அரசாங்கம் கிட்டே வந்தாலே பயப்படும், ஜோஹன்னஸ்பர்கின் கறுப்பினப் பகுதியான சோவெட்டோவைச் சேர்ந்தவர் ஒரு பக்கம். இரண்டு மணி நேரம் ஓடியது, முடிவு எதுவும் வரவில்லை.

இன்னொன்று, உங்களைப் போல ஆப் எழுதும் ஆசை உள்ளவர்களுக்கு. போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா 2007-இல் கென்யாவில் வந்தது, அந்த நாட்டு மத்திய வங்கி ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்துத் தொலைபேசிக் கம்பெனியை நடத்தவிட்டது, பிய்த்துக்கொண்டு ஓடியது. அதையே 2010-இல் வோடகாம் என்கிற போன் கம்பெனி இங்கே கொண்டுவந்தது. இங்கே மக்களின் வைப்புப் பணத்தை வங்கிதான் வாங்க முடியும், அதனால் ஒரு வங்கியோடு சேர்ந்தார்கள். போதாக்குறைக்கு இங்கே பலரிடம் ஏற்கெனவே வங்கிக் கணக்கு இருந்தது. 2016-இல் மூடிவிட்டார்கள். இதைத் தொழில் தொடங்குவதற்கு முன்பே கணிக்கக் கற்றுக்கொண்டால் லாபம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஒரு டிகிரி தேவையா என்றால், ஒரு நல்ல வக்கீல் போதும்.

ரூய்போஸ் தேநீர் விவகாரத்தையும் கட்டாயம் படிப்பீர்கள். அந்தச் செடியின் அறிவு இங்கத்திய பூர்வகுடிகளான சான், கோய் மக்களுடையது என்று ஏற்றுக்கொண்டு, பண்ணை விலையில் 1.5 சதவீதம் அவர்களுக்குத் தருவதாக 2019-இல் தொழில்துறை ஒப்பந்தம் போட்டது. பாட்டி வைத்தியம் தெரிந்த நமக்கு இது வெளியூர்க் கதை இல்லை.

எங்கே படிப்பது? கேப் டவுன் பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் 2011 முதல் பெர்த்தா மையம் என்று சமூகப் புத்தாக்கத்துக்கு ஒன்று இருக்கிறது (அந்தப் பள்ளி நடப்பது பழைய சிறைச்சாலைக் கட்டடத்தில், ஃபீஸ் பார்த்தால் பொருத்தம் என்பீர்கள்). அறிவியல், தொழில்நுட்பக் கொள்கை என்றால் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் க்ரெஸ்ட் மையம், பிரிட்டோரியாவில் ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஐ.இ.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம், டிஜிட்டல் பக்கம் என்றால் ஜோஹன்னஸ்பர்கில் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் லிங்க் மையம். படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், வருடா வருடம் மாற்றுவார்கள். யார் உங்களுக்கு வழிகாட்டியாக வருவார், அவர் கடைசியாக எதைப் பற்றி எழுதினார் என்று பாருங்கள்.

நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம், ஏனென்றால் திட்டப்போகிறேன். இரண்டு வருடப் படிப்பு எனக்கு மூன்றானது. ஆய்வுக்கு மனிதர்களிடம் பேச வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அது சரிதான், ஆனால் என் விண்ணப்பம் ஐந்து மாதம் தூங்கியது. நடுவில் வழிகாட்டி வேலையை விட்டுப் போனார். புதியவர் முதல் சந்திப்பிலேயே, "மீட்டரா? அது இன்ஜினியரிங் இல்லையா?" என்றார். பேட்டி எடுக்க வேண்டிய பாட்டிகளில் இரண்டு பேர் அதற்குள் மகன் வீட்டுக்கு இடம் மாறிவிட்டார்கள். உங்கள் ஆய்வில் பேட்டி உண்டென்றால் அனுமதி விண்ணப்பத்தை முதல் வருடமே எழுதத் தொடங்குங்கள்.

இங்கே முதுகலை என்பது 180 கிரெடிட், ஒரு கிரெடிட் பத்து மணி நேர வேலை என்று கணக்கு. பகுதிநேரம் என்றால் சனி, ஞாயிறு போனது போனதுதான். மனைவியிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள், நான் பேசவில்லை.

பலன்? சம்பளம் பெரிதாக ஏறவில்லை. கோட் எழுதுவதிலிருந்து மாற்றி, தரநிலைக் குழு, நகராட்சிகள் இவர்களோடு பேசும் பிரிவுக்கு அனுப்பினார்கள். போன மாதம் ஒரு கூட்டத்தில், இன்னும் எத்தனை வருடத்துக்கு இந்த எண் தாங்கும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, அந்த எண்ணை யார் எந்த உயரத்திலிருந்து அடிப்பார்கள் என்று கேட்டேன். ஒரு நிமிடம் அமைதி, அப்புறம் ஒருவர் குறித்துக்கொண்டார்.

வருவது என்று முடிவானால் ஒரு வேலை உடனே செய்யுங்கள். வெளிநாட்டுப் பட்டத்தை சாக்வா என்கிற தகுதி ஆணையம் மதிப்பிட்டுத் தர வேண்டும். இங்கே மூன்று வருடப் பட்டத்துக்கும் மாஸ்டர்ஸுக்கும் நடுவில் ஆனர்ஸ் என்று ஒரு வருடம் உண்டு. நம் ஊர் மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். மட்டும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதில் மாட்டுவார்கள், நான்கு வருட பி.இ. என்பதால் உங்களுக்குச் சிக்கல் குறைவு. எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டும் கையில் இருக்கிறதா என்று இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். என்னுடைய ஆறாவது செமஸ்டரை அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருந்தார், கிடைக்க மூன்று வாரம் ஆனது.