நியூயார்க்கில் நல்ல இத்தாலியச் சாப்பாடு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: நியூயார்க்கிலும் பக்கத்தில் நியூஜெர்சியிலும் இத்தாலிய உணவகம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அதில் நல்லதை எப்படித் தேர்ந்தெடுப்பது? வடக்கு நியூஜெர்சியில் ஓர் இத்தாலியச் சமையலறையில் ஆறு வருடம் நின்று வேலை பார்த்தவன், இன்றைக்கும் வாரம் ஒரு முறையாவது புதிதாக ஓர் இடத்தில் சாப்பிடுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பா, அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். சுத்த சைவம், அம்மா முட்டையும் தொட மாட்டார். பீட்சா, பாஸ்தா எல்லாம் சைவம்தானே, பயமில்லாமல் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போகலாமா? (எடிசன் வாசகி)

கூட்டிப் போகலாம், ஆனால் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மதியம் 3 மணி வாக்கில் கூப்பிட்டால் மதியக் கூட்டம் முடிந்து இரவுக் கூட்டம் தொடங்காத நேரம், சமையலறையில் இருப்பவரே வந்து பதில் சொல்வார்.

முதலில் சாஸ். நான் வேலை பார்த்த இடத்தில் அடுப்பின் பின்வரிசையில் இரண்டு பெரிய பாத்திரங்கள் எப்போதும் இருக்கும். ஒன்று மாரினாரா: தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், துளசி மாதிரி இருக்கும் பேசில் இலை, அவ்வளவுதான், அரை மணியில் முடிந்துவிடும். இன்னொன்று காலையிலிருந்து கொதிக்கும் சாஸ், அதில் பன்றி எலும்பும் மீட்பாலும் சாசேஜும் வெந்துகொண்டே இருக்கும். பரிமாறும்போது இறைச்சியைத் தனியாக எடுத்துவிடுவார்கள், தட்டில் பார்த்தால் வெறும் தக்காளிச் சாஸ்தான் தெரியும். அதனால் “இதில் இறைச்சி இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும், அது பொய்யும் இல்லை. “இந்தச் சாஸ் இறைச்சியோடு வெந்ததா?” என்று கேளுங்கள்.

அடுத்தது சூப்பும், அரிசியில் குழைவாகச் செய்யும் ரிசோட்டோவும். மினஸ்ட்ரோனி என்றால் காய்கறி சூப்தான், ஆனால் பல இடங்களில் கோழி வேகவைத்த நீரில்தான் அது தயாராகிறது. ரிசோட்டோவும் அப்படியே. சீசர் சாலட்டில் ஊற்றுவதில் நெத்திலி உண்டு, ஆமாம், நம் நெத்திலி இனத்து மீன்தான், உப்பில் ஊறவைத்து அரைத்தது. புட்டனெஸ்கா சாஸிலும் உண்டு.

சீஸ் விஷயத்தில் பெரியவர்கள் எவ்வளவு கண்டிப்பு என்று உங்களுக்குத்தான் தெரியும். பார்மஜானோ ரெஜ்ஜானோ என்று சட்டப்படி பெயர் போட வேண்டுமானால் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டுதான் பாலைத் திரிக்க வேண்டும், அதில் சைவ வகை என்று ஒன்று கிடையாது. பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டி ரென்னட். கேட்காமலே மேலே தூவிவிடுவார்கள் என்பதால், வேண்டாம் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஸ்பகெட்டி, பென்னே, ரிகடோனி போன்ற உலர்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். “இன்று கையால் செய்தது” என்று பெருமையாகச் சொல்லும் ஃபெட்டுச்சினி, ராவியோலி, லசானியா ஆகியவற்றில் முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் பார்மஜானாவில் கத்தரிக்காயை முட்டையில் தோய்த்துத்தான் பல இடங்களில் பொரிக்கிறார்கள். இனிப்பு வகையில் டிரமிசுவில் முட்டை, பன்னா கோட்டாவில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். இனிப்புக்குப் பழத்தில் செய்த சோர்பெட்டோ ஐஸ் கேளுங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும்.

என் யோசனை: முதல் முறை பீட்சாக் கடை வேண்டாம், நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் சின்ன குடும்ப உணவகமாகப் பாருங்கள். ஸ்பகெட்டி அல்யோ ஏ ஓலியோ வாங்கிக் கொடுங்கள், பூண்டும் ஆலிவ் எண்ணெயும் காய்ந்த மிளகாயும்தான், மதுரை நாக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது.

சென்னையிலிருந்து ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருகிறோம். மன்ஹாட்டன் லிட்டில் இத்தாலியில் சாப்பிட வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. எந்தக் கடை நல்லது?

லிட்டில் இத்தாலியின் முக்கியத் தெருவான மல்பெரி தெருவை ஒரு முறை நடந்து பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த இத்தாலியக் குடும்பங்கள் புரூக்ளின், குயீன்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட், நியூஜெர்சி என்று போய்ப் பல காலம் ஆகிவிட்டது, பக்கத்துச் சைனாடவுன் வளர்ந்து முக்கால்வாசித் தெருக்களை எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் வந்தால் சான் ஜென்னாரோ திருவிழா நடக்கும், 1926 முதல் நடக்கிறது, அதற்காகப் போவது வேறு விஷயம். மற்ற நாட்களில் மெனுவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிட வேண்டிய நிலையில் இருக்கும் கடையில் நான் சாப்பிட்டதெல்லாம் எனக்கு வருத்தத்தையே கொடுத்திருக்கிறது.

அதற்குப் பதிலாகப் பிராங்ஸில் இத்தாலியக் கடைகள் நிறைந்த ஆர்தர் அவென்யூவுக்குப் போங்கள். கிராண்ட் சென்ட்ரலில் மெட்ரோ நார்த் ரயில் ஏறினால் இருபது நிமிடம் வாக்கில் ஃபோர்டம் வந்துவிடும், அங்கிருந்து நடை தூரம்தான். பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையும் தாவரவியல் பூங்காவும் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு நாளை அங்கேயே கழிக்கலாம். தெருவில் தள்ளுவண்டி வைத்திருந்தவர்களுக்காக மேயர் லாகார்டியா 1940இல் திறந்த உள்ளரங்கச் சந்தை இன்னும் இருக்கிறது. மடோனியா ரொட்டிக் கடை 1918லிருந்து, 187ஆவது தெருவில் போர்காட்டி பாஸ்தாக் கடை 1935லிருந்து.

போர்காட்டியில் உங்கள் மனைவியை ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். மஞ்சள் நிறத்தில் மெல்லிய துணி மாதிரி மாவுத் தகடு இருக்கும், எந்த அகலம் வேண்டும் என்று கேட்டு அந்த அகலத்துக்கு உங்கள் முன்னாலேயே வெட்டி, சோள மாவைத் தூவிக் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பார்கள். எனக்கு இந்தத் தெரு பிடிப்பதற்குக் காரணமே இதுதான்: ரொட்டியும் சீஸும் பாஸ்தாவும் செய்கிறவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது உணவகமும் தானாகவே ஒழுங்காக இருக்கிறது, மட்டமான ரொட்டியை மேசையில் வைக்க யாருக்கும் தைரியம் வராது. சனிக்கிழமை மதியம் போங்கள். ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும்.

வாசலில் நின்றபடியே கடை நல்லதா இல்லையா என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். மெனுவைப் பாருங்கள். ஆறு பக்கம், எண்பது அயிட்டம், ஒவ்வொன்றுக்கும் கலர் படம் என்றால் அந்தச் சமையலறையில் ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும்தான் உழைக்கின்றன என்று அர்த்தம். நாலு பேர் நிற்கும் சமையலறையால் ஒரு இரவுக்கு ஆறேழு பாஸ்தா, நாலைந்து இறைச்சி, மீன் வகைகளைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும். பருவத்துக்கு ஏற்ப ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள், ஜனவரியில் வேகவைக்காத தக்காளியும் மொஸரெல்லா சீஸும் அடுக்கிய கப்ரேஸே சாலட்டை முதல் பக்கத்தில் போட்டிருந்தால் நான் நகர்ந்துவிடுவேன்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஏ, பி, சி எழுத்து நியூயார்க் நகர சுகாதாரத் துறை 2010லிருந்து கொடுப்பது. சோதனையில் குறைகளுக்கு விழும் புள்ளி 13 வரை என்றால் ஏ, 14 முதல் 27 வரை பி, அதற்கு மேல் சி. அது சுத்தத்துக்கு மட்டும்தான், ருசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் சி என்று இருந்தால் உள்ளே போக வேண்டாம்.

உள்ளே போய்விட்டீர்களா? முதல் தடவை இருப்பதிலேயே எளிமையான தட்டை வாங்குங்கள். ஒரு மெஸ் நல்லதா என்று ரசத்தை வைத்துச் சொல்லிவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி இங்கே வெறும் தக்காளிச் சாஸில் வரும் ஸ்பகெட்டி பொமடோரோ. சாஸ் பாஸ்தாவோடு ஒட்டிப் பளபளவென்று வர வேண்டும், தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கியிருந்தால் பாஸ்தாவைத் தனியாக வேகவைத்து மேலே சாஸை ஊற்றியிருக்கிறார்கள். பாஸ்தா வெந்த நீரில் ஒரு கரண்டி எடுத்துச் சேர்த்துச் சாஸிலேயே கடைசி ஒரு நிமிடம் புரட்ட வேண்டும், அந்த ஒரு நிமிடத்துக்குப் பொறுமை இல்லாத சமையலறை மற்றதிலும் பொறுமை காட்டாது.

நல்ல கடை என்று சொல்லிப் போனோம், பாஸ்தா வேகவே இல்லை. திருப்பி அனுப்பலாமா?

நடுவில் லேசாகக் கடிபடுவதுதான் பக்குவம், சோறு குழையாமல் பருக்கை பருக்கையாக இருப்பதுபோல. மாவு வாசனையோடு நடுவில் வெள்ளையாக இருந்தால் மட்டும் தாராளமாகத் திருப்புங்கள். பல்லில்லாத தாத்தாவுக்கு வேண்டுமானால் முன்பே சொல்லிவிடலாம், இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவைப்பதில் யாருக்கும் கஷ்டம் இல்லை.

நியூஜெர்சி இத்தாலிய உணவகங்கள் பலவற்றில் “ஒயினை நீங்களே கொண்டு வரலாம்” என்று எழுதியிருக்கிறதே, ஏன்? அப்படிப்பட்ட இடம் மட்டமா?

மட்டமே இல்லை, சில அருமையான இடங்கள் அப்படித்தான் நடக்கின்றன. நியூஜெர்சியில் ஓர் ஊருக்கு எத்தனை மது உரிமம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, உணவகங்களுக்கு மக்கள்தொகையில் 3,000 பேருக்கு ஒன்று. அதனால் கைமாறும்போது உரிமத்தின் விலை லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறது, சின்னக் குடும்பக் கடையால் வாங்க முடியாது. வாடிக்கையாளருக்கு இது லாபம்தான், மது குடிக்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் மது விற்ற காசில் ஓட்டையை அடைக்க வழியில்லாத கடை சாப்பாட்டில்தான் பிழைத்தாக வேண்டும். 

பீட்சாவுக்கு எங்கே? ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

ஒன்று போதாது, மன்னியுங்கள். ஸ்பிரிங் தெருவில் உள்ள லொம்பார்டி 1905லிருந்து வருகிறது, அமெரிக்காவின் முதல் பீட்சாக் கடை என்று பொதுவாகச் சொல்வது அதைத்தான். நடுவில் மூடிக்கிடந்து, 1994இல் அதே தெருவில் திரும்பத் திறந்தது. பிளீக்கர் தெருவில் ஜான்ஸ் 1929லிருந்து. இரண்டிலும் நிலக்கரி அடுப்பு, சூடு அதிகம் என்பதால் ஓரத்தில் கருப்புப் புள்ளி விழும், அது தீய்ந்ததல்ல, வேண்டும் என்றே விடுவது. ஜான்ஸில் துண்டாகத் தர மாட்டார்கள், முழுசாகத்தான் வாங்க வேண்டும். புரூக்ளினில் எல் அண்ட் பி ஸ்புமோனி கார்டன்ஸ் போனால் சதுரத் துண்டு வாங்குங்கள், சீஸ் அடியில், சாஸ் மேலே. வண்டி இருந்தால் கனெக்டிகட்டில் நியூ ஹேவன் வரை போகலாம், 1925இல் தொடங்கிய ஃபிராங்க் பெப்பே அங்கேதான். நியூஜெர்சியில் டிரென்டன் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஊர் தக்காளிப் பீட்சாவை விட்டுவிட்டு நியூயார்க் வர வேண்டிய அவசியமே இல்லை.

காரமே இல்லை, என்ன செய்வது?

அராபியாட்டா கேளுங்கள், பெயரே “கோபக்காரி” என்ற மாதிரி. தென் இத்தாலியில் கலாப்ரியாக்காரர்கள் மிளகாய்ப் பிரியர்கள், கலாப்ரிய மிளகாய் என்று மெனுவில் பார்த்தால் நம்பி வாங்கலாம். நுடூயா என்பதும் காரம்தான், ஆனால் அது பன்றி இறைச்சி.

பில் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

வெயிட்டர் வாயால் சொல்லும் ஸ்பெஷலுக்கு விலை சொல்ல மாட்டார், நீங்கள் கேட்க வேண்டும். ஒரு தடவை என் திருமண நாளன்று, மன்ஹாட்டனில் ஓர் இடத்தில், “கொஞ்சம் ட்ரஃபிள் சீவட்டுமா?” என்று, மண்ணுக்கடியில் விளையும் அந்த விலையுயர்ந்த காளானைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அன்பாகக் கேட்டார், நானும் தலையாட்டினேன், இரண்டு தட்டு பாஸ்தாவை விட அந்தச் சீவலுக்குக் கொடுத்த காசு அதிகம். சமையலறையில் இருந்தவன், எனக்கே அந்த நேரத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தது. கூச்சப்படாதீர்கள். நியூயார்க் நகரில் வரி 8.875 சதவீதம், டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வழக்கம். ஆறு பேருக்கு மேல் போனால் பில்லிலேயே டிப்ஸ் சேர்த்திருக்கலாம், பார்க்காமல் இரண்டாவது முறை கொடுத்துவிடாதீர்கள்.

ராவ்ஸில் டேபிள் பிடிக்க ஏதாவது வழி?

ஈஸ்ட் ஹார்லெமில் 1896லிருந்து இருக்கும் அந்தச் சின்னக் கடையில் மேசைகள் எல்லாம் பழைய வாடிக்கையாளர்களுக்கே வாரா வாரம் ஒதுக்கியவை, அவர்களில் ஒருவர் உங்களைக் கூட்டிப் போனால்தான் உண்டு. விட்டுவிடுங்கள். அந்தச் சாயங்காலத்தில் இலவசமாக ஓடும் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரியில் ஏறுங்கள், சுதந்திர தேவி சிலையைப் பார்த்துக்கொண்டே போகலாம், இறங்கிப் பஸ் பிடித்தால் விக்டரி புலவார்டில் ஜோ அண்ட் பேட்ஸ். அப்பளம் மாதிரி மெல்லிய பீட்சா. பெரியது ஒன்று சொல்லுங்கள், மிஞ்சாது.