விளையாட்டு வீரர்களிடமிருந்து வேலைக்குப் போகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

லீவு எடுப்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கஸ்டமர் சப்போர்ட் கம்பெனியில் ஷிஃப்ட் ரோஸ்டர் போடுவது என் வேலை. யாருக்கு நைட் ஷிஃப்ட், யார் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது, இதுதான் என் பிழைப்பு. அதனால் கிரிக்கெட் பார்க்கும்போதும் ஆடுகிறவனை விட ஆடாதவன் மேல்தான் கண் போகிறது.

எங்கள் ஆபீஸ் கூட்டங்களில் ஒரு மேனேஜர் அடிக்கடி எடுத்துவிடும் கதை இங்கிலாந்தில் நடந்த 1999 உலகக் கோப்பை. அப்பா இறந்த நாலைந்து நாளில் சச்சின் திரும்பி வந்து, பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக அவுட்டாகாமல் 140 அடித்தார், நீங்கள் காய்ச்சலுக்கு லீவு கேட்கிறீர்களே என்பார். நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். சச்சின் முதலில் மும்பைக்குப் போனார். லெஸ்டரில் நடந்த ஜிம்பாப்வே ஆட்டத்தில் அவர் இல்லை. இந்தியா 3 ரன்னில் தோற்றது. உலகக் கோப்பையில், ஜிம்பாப்வேயிடம், வெறும் 3 ரன்னில்! நீ ஏன் போனாய் என்று அவரை யாராவது கேட்டார்களா என்ன?

அடுத்து கோலி. இந்த ஊரில் இருந்துகொண்டு அவரைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது. 2006 டிசம்பரில் டெல்லியில், டெல்லி அணிக்காக கர்நாடகாவுக்கு எதிராக ரஞ்சி ஆட்டம், அதாவது மாநில அணிகள் மோதும் போட்டி. கோலிக்கு 18 வயது. ஆட்டத்தின் நடுவே ஒரு ராத்திரி அப்பா இறந்துபோகிறார். மறுநாள் காலையில் வந்து பேட் பிடித்து, 90 ரன் அடித்துவிட்டுத்தான் இறுதிச் சடங்குக்குப் போனார். இந்தக் கதையும் எங்கள் கூட்டங்களுக்கு வந்துவிடும்.

ஆனால் அதே கோலி 2020 டிசம்பரில் என்ன செய்தார்? இந்திய அணியின் கேப்டன். ஆஸ்திரேலிய டூரின் முதல் டெஸ்ட்டில், அடிலெய்டில், அணி 36 ரன்னுக்குச் சுருண்டு தோற்றிருக்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தபடி, முதல் குழந்தை பிறக்கும் நேரத்தில் மனைவியோடு இருக்க ஊருக்குக் கிளம்பிவிட்டார். இதை எந்த மேனேஜரும் மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை. 18 வயதில் அவர் ரஞ்சிக்குள் நுழைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. (முதல் ஆட்டம் தமிழ்நாட்டுக்கு எதிராக.) 32 வயதில் அவர் இடத்தை யாரும் தொட முடியாது. அந்த 18 வயதுப் பையன் கணக்குப் போட்டு ஆடியிருப்பான் என்று சொல்லவரவில்லை. ஆனால் இருந்த இடம் வேறு.

கேப்டன் போன பிறகு அணி குடிமுழுகிப் போய்விடவில்லை. மெல்போர்னில் அவருக்குப் பதில் கேப்டனான ரஹானே 112 அடித்தார், ஜெயித்தோம். பிரிஸ்பேனுக்குப் போகும்போது பும்ரா, அஸ்வின், ஜடேஜா, விஹாரி என்று பாதி அணி காயத்தில் இருந்தது. வலைப்பயிற்சியில் பந்து போடுவதற்காகக் கூடவே வைத்திருந்த நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடினார்கள். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு 3 விக்கெட். வாஷிங்டன் 62 ரன் வேறு. தொடர் 2-1. பதினோரு பேர் ஆடும் ஆட்டத்துக்கு அந்த டூரில் எத்தனை பேரைக் கூட்டிப் போயிருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். எங்கள் தளத்தில் இருபது நாற்காலி என்றால் இருபதே ஆள்தான். இருபத்தொன்றாவது ஆளைக் கேட்டால் பட்ஜெட் இல்லை என்பார்கள். அப்புறம் ஒருவனுக்கு அம்மை போட்டால் அவன் ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி பேசுவார்கள்.

கிரிக்கெட்டும் இதில் பெரிய யோக்கியம் இல்லை. 1877-இல் தொடங்கிய டெஸ்ட்டில், தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவர் பேட்டும் செய்யலாம், பந்தும் போடலாம் என்ற விதி 2019-இல்தான் வந்தது. அதுவரை பதில் ஆள் ஃபீல்டிங்கோடு சரி. வீட்டுக் காரணத்துக்காகப் போனால் அதற்குப் பிறகும் அதே கதிதான். 2024 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் அஸ்வின் 500-வது விக்கெட் எடுத்த அன்று இரவே, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சென்னைக்குப் பறந்தபோது, இந்தியாவுக்கு ஒரு பந்துவீச்சாளர் குறைந்தார். போ என்றுதான் அணி சொன்னது. தனி விமானமும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். நான்காம் நாள் திரும்பி வந்துவிட்டார். இந்தியா 434 ரன்னில் ஜெயித்தது. எங்கள் பையன்கள் பொம்மசந்திராவில் நின்று சேலம் பஸ்ஸுக்குக் கை காட்டுவார்கள், அது போகட்டும். போ என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு விமானம் தேவையில்லையே.

இதில் என்னை உறுத்துவது நடராஜன் கதைதான். சேலம் சின்னப்பம்பட்டிக்காரர். 2020 நவம்பரில் அவர் ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்தபோது இங்கே மகள் பிறந்தாள். அந்த வருஷம் ஐபிஎல் நடந்த துபாய் பக்கமிருந்து நேராக ஆஸ்திரேலியா. ஊர் திரும்பி மகளைப் பார்க்க ஜனவரி ஆகிவிட்டது. கேப்டனுக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா என்று முன்னாள் கேப்டன் கவாஸ்கர் அப்போதே தன் பத்தியில் எழுதினார். கோலி போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, எல்லா அப்பாக்களும் போக வேண்டும். ஆனால் நடராஜன் போயிருந்தால்? இந்தியாவுக்காக அவர் ஆடியது மொத்தம் 1 டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கொஞ்ச நாளில், 2021 மார்ச்சோடு, சர்வதேச ஆட்டம் நின்றுபோனது. முழங்கால் ஆபரேஷன், அப்புறம் அடுத்தடுத்துப் புதுப் பையன்கள். அந்தக் கதவு ஒரே ஒரு முறை திறந்தது. அவர் ஊருக்குப் போகாமல் நின்றது சரியான கணக்கு என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் இடத்தில் கான்ட்ராக்டில் இருக்கும் தர்மபுரிப் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, ரெண்டு நாள் போய்ட்டு வந்துடறேன், சம்பளத்துல புடிச்சாலும் பரவால்ல, பேரை மட்டும் எடுத்துடாதீங்க" என்பான். அவனிடம் போய் கோலி மாதிரி லீவு எடு என்று நான் எப்படிச் சொல்வது?

அதனால் முதல் வரியில் சொன்னது பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும். உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் லீவை எடுத்துவிடுங்கள். நீங்கள் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் இருக்கும் கான்ட்ராக்ட் பையன் பெண்டாட்டி பிரசவத்துக்குக்கூட வாய் திறக்க மாட்டான்.