கேளுங்கள்... சொல்கிறேன்

கேள்வி: 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற பழைய ஆங்கில நகைச்சுவைத் தொடரைப் பார்த்து என் மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்கோ அந்த ஓட்டல்காரர் எல்லோரிடமும் கத்துவதாகத்தான் தெரிகிறது. கோளாறு யாரிடம்?
வாசகி, தேவகோட்டை

பதில்: யாரிடமும் இல்லை ஆச்சி. 1975இல் ஆறு, 1979இல் ஆறு, ஆக 12 பகுதிகள்தான் அந்தத் தொடர். ஓட்டல்காரர் பேசில் கத்துவது கௌரவம் போய்விடுமோ என்ற பயத்தில். காரைக்குடியில் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மூன்றாம் பந்திக்கு இலை பற்றவில்லை. என் சித்தப்பா முகப்பில் சம்பந்தியிடம் பல் தெரியச் சிரித்தார். அப்படியே இரண்டாங்கட்டுக்கு ஓடி, கரண்டியைப் பிடுங்கிச் சமையல்காரர் மேல் பாய்ந்தார். திரும்பி வந்தால் மறுபடி அதே சிரிப்பு! சட்டையில் மட்டும் சாம்பார். அவரை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள்.

அந்த ஓட்டலில் பரிமாறும் ஸ்பெயின்காரர் மானுவேலின் அரைகுறை ஆங்கிலத்தைக் கேலி செய்வது எனக்கும் உறுத்தும். ஆனால் அங்கே கடைசியில் அசடு வழிவது முதலாளிதான். பல நாட்டுக்காரர்கள் ஆங்கிலம் படிக்கும் வகுப்பைப் பற்றி 1977இல் வந்த 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடர் அப்படியில்லை. நாட்டுக்கு ஒரு அசட்டுத்தனம் என்று பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்காரருக்கு வருகிறது. ராத்திரி அவர் அதைப் போட்டால் நான் எழுந்து பால் காய்ச்சப் போய்விடுவேன்.