சேலத்திலிருந்து பெங்களூரில் விமானம் மாறி வெளிநாடு போக, இரண்டு விமானங்களுக்கு நடுவே ஏன் இவ்வளவு இடைவெளி? விமான நிலைய முனையத்தைப் பெரிதாக்கினால் குறையுமா?

இணைப்பு விமானம் என்றால் நடுவழியில் இறங்கி அடுத்ததில் ஏறுவது. அதற்குக் கட்டாயம் தேவைப்படும் நேரம்தான் 'குறைந்தபட்ச மாறும் நேரம்'.

இடைவெளிக்குக் காரணம் தூரம் மட்டுமில்லை. உள்நாட்டு விமானப் பயணியும் வெளிநாட்டு விமானப் பயணியும் ஒரே கூடத்தில் கலக்கக் கூடாது. நடுவில் குடியேற்றச் சோதனை, சுங்கம், மறுபடி பாதுகாப்புச் சோதனை. பெங்களூரில் 2023 முதல் வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்தில். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் ஏறியவர் முதல் முனையத்தில் இறங்கினால் ஷட்டில் பஸ் பிடிக்க வேண்டும். டிக்கெட் தனித்தனி என்றால் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கும் வேலையும் சேரும்.

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, புதிய பஸ் ஸ்டாண்டில் வெளியூர் பஸ் பிடிக்கிற மாதிரி. புதியதில் பத்து பிளாட்பாரம் கூட்டினாலும் அந்த அலைச்சல் குறையாது.

ஆகவே வெறும் சதுர அடி பயன்படாது. மாறுபவர்களுக்கென்று தனி வழி, தனிச் சோதனை வரிசை, பெட்டிகளை நேரே கடத்தும் பெல்ட், கதவை மாற்றி உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் பயன்படுத்தும் வாசல்கள்: இவை வந்தால்தான் நேரம் மிச்சம்.

பலர் ஏமாறுவது திரும்பும்போது. பெட்டியின் டேக்கில் சேலம் விமான நிலையக் குறியீடான 'எஸ்எக்ஸ்வி' என்றிருந்தால் பெட்டி தானாகச் சேலம் வந்துவிடும் என்பது தவறு. சேலத்தில் சுங்கச் சோதனை இல்லாததால், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே எடுத்துக் காட்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும்.