வட்டம் விழாத தட்டு

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கால் நூற்றாண்டாகத் தொற்றுநோய்க் கிருமிகளோடு வேலை பார்க்கும் ஒரு சிங்கப்பூர் ஆய்வாளர்.

கேள்வி: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடிக்கப்போகிறாள். தொற்றுநோய் ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். கிருமியோடு விளையாட்டு வேண்டாம் என்கிறார் அவள் அப்பா. சம்பளமாவது நன்றாக இருக்குமா?
— ஒரு தாய், ஈசூன்

அம்மா, சம்பளத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வயிறு காயாது. ஆனால் வங்கி வேலைக்குப் போன தோழிகளோடு ஒப்பிட ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் பல வருடம் ஒப்பந்த வேலைதான். ஆராய்ச்சி மானியம் தீர்ந்தால் வேலையும் தீரும். என் முதல் ஒப்பந்தம் முடிந்தபோது பிள்ளைகள் இருவரும் தொடக்கப்பள்ளியில், வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் கடன் வேறு. நான்கு மாதம் வீட்டில் இருந்தேன். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் இங்கே 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். அப்பாடா என்று மூச்சுவிட்ட பிறகு, செப்டம்பரில் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கு ஆய்வகத்திலேயே அது தொற்றியது. அவர் குணமாகிவிட்டார், வேறு யாருக்கும் பரவவில்லை. ஆனால் ஆபத்தான கிருமிகளைக் கையாள்வதற்கென்றே 2005இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. இப்போது கட்டுப்பாடுகள் கடுமை. என் வீட்டில் நான் கொண்டுவந்த கிருமியால் யாரும் படுத்ததில்லை. பிள்ளைகள் பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்ததால் எல்லாரும் படுத்திருக்கிறோம்.

வேலை என்ன என்று கேட்டீர்களானால், நம் வீட்டு அகர் அகர் இருக்கிறதே, அதேதான் நாங்கள் கிருமி வளர்க்கும் தட்டிலும். பெயரே மலாய். 1881இல் ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினில் கிருமி வளர்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். உடல் சூட்டில் அது உருகிவிடும். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸவின் மனைவி ஃபேனிதான் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். முன்பு ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டாரிடம் கற்ற சமையல் அது.

அந்தத் தட்டில் கிருமியைப் பூசி, மருந்து தோய்ந்த சின்னக் காகித வில்லைகளை வைத்து, இரவு முழுக்க 35 டிகிரிச் சூட்டில் விடுவோம். மருந்து வேலை செய்தால் காலையில் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். நான் மருத்துவமனை ஆய்வகத்தில் தொழில்நுட்பராக இருந்தபோது ஒரு பெரியவரின் சிறுநீரிலிருந்து எடுத்த கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. ஒவ்வொரு வில்லையாகப் பார்க்கிறேன், வட்டமே இல்லை. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு எடுக்கும் கார்பபெனெம் வில்லையைச் சுற்றியும் இல்லை. நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று மறுபடி வைத்தேன். மறுநாளும் அதே. வார்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்போ என்னதான் கொடுக்கிறது?" என்று கேட்டார் அந்த இளம் மருத்துவர். எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் கொலிஸ்டின் என்ற பழைய மருந்து, சிறுநீரகத்தைப் படுத்தி எடுப்பது, அதைக் கொடுத்தார்கள். பெரியவர் பிழைத்தார். மறுவருடம் நான் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தேன்.

கேள்வி: சென்னை போகும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக் வாங்கி வருவேன். சளி பிடித்தால் மூன்று நாள் மூன்று மாத்திரை, சரியாகிவிடுகிறது. இதில் என்ன தப்பு?
— தெம்பனீஸ் வாசகர்

ஐயா, சரியானது மாத்திரையால் அல்ல. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. சும்மா இருந்தாலும் போயிருக்கும். மாத்திரை செய்த வேலை வேறு. உங்கள் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் சாதுவானவற்றைக் கொன்று, மருந்துக்கு மசியாத முரடனுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்தது. அந்த முரட்டுத்தனம் பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தில் இருந்தால், முரடன் அதைத் தன் வாரிசுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக் கிருமிக்கும் தூக்கிக் கொடுத்துவிடுவான்.

பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945இல் நோபெல் உரையில் ஒரு கற்பனைக் கணவரைப் பற்றிச் சொன்னார். தொண்டைவலிக்குத் தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறார். மசியாமல் தேறிய கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, அவருக்கு மருந்து கேட்கவில்லை, இறந்துபோகிறார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பயமுறுத்தத்தான். சென்னையிலும் சட்டப்படி மருத்துவர் சீட்டு வேண்டும். கடைக்காரர் கேட்காதது வேறு கதை.

கேள்வி: இத்தனை வருடத்தில் புது மருந்து ஏதாவது கண்டுபிடித்தீர்களா?
— தேசிய சேவையாளர், உட்லண்ட்ஸ்

இல்லை தம்பி. மசியாத கிருமிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில், சின்னச் சின்னக் குப்பிகளில். யாராவது புது மருந்தோடு வந்தால் இவற்றின் மேல்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவரின் கிளெப்சியெல்லாவும் அங்கேதான் தூங்குகிறது. பெட்டியின் சூடு ஏறினால் என் கைப்பேசியில் மணி அடிக்கும். போன பொங்கலன்று காலையில் அடித்தது. பால் பொங்குவதற்குள் வாடகைக் காரில் ஏறிவிட்டேன்.