40 பேர் சைக்கிள் பயணம்: வரிசை ஏன் அறுகிறது?

குழந்தைப் புற்றுநோய் ஆய்வு நிதிக்கான பயணத்துக்கு ஒத்திகை பார்த்தபோது 40 பேரும் 10 கிலோமீட்டருக்குள் சிதறி, இருவர் வழி தவறியதாக எழுதியிருக்கிறீர்கள். பின்னால் வருபவர்கள் மேல் தப்பில்லை. முதல் ஆள் திருப்பம் தாண்டியதும் வேகமாக மிதிப்பார்; கடைசி ஆள் அப்போதுதான் பிரேக் பிடிப்பார். திருப்பத்துக்குத் திருப்பம் இடைவெளி கூடும்.

8 முதல் 10 பேராகப் பிரித்து 3 நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். மணிக்கு 20 கிமீ வேகத்தில் அது 1 கிமீ தூரம். ஒவ்வொரு திருப்பத்திலும் குழுவின் கடைசி ஆள் "வந்தாச்சு" என்று குரல் கொடுக்கும்வரை முன்னால் போகிறவர் வேகம் கூட்டக் கூடாது. சந்திப்புகளில் இரண்டாவது ஆள் நின்று வழிகாட்டிவிட்டு, கடைசி ஆளோடு சேர்ந்துகொள்ளட்டும். பம்ப், டயரைக் கழற்றும் லீவர், டியூப் எல்லாம் கடைசி ஆளிடம்தான். பின்னால் பஞ்சர் ஆகும்போது அவை முன்னால் போய்விட்டிருந்தால் பயனில்லை. சக்கர அளவுகளை முன்பே கேட்டு வையுங்கள், 26 அங்குல டியூப் 700சி என்ற பெரிய அளவுச் சக்கரத்துக்குச் சரிவராது.

குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான தங்கநிற ரிப்பனை சைக்கிளில் தொங்கவிட வேண்டாம், ஆரக்கம்பியில் சுற்றிக்கொள்ளும். சட்டையில் குத்துங்கள்.

இன்னொன்று: கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை பேசாதீர்கள். களைத்தவர்கூட நிற்காமல் மிதிப்பார். மொத்தத் தொகையாக வாங்கிவிடுங்கள்.