மட்டக்களப்புக் கூத்தில் ஆய்வு செய்ய கம்பஸ் நூலகம் மட்டும் போதுமா?

"கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். கூத்து பற்றி ஆய்வேடு எழுதப் போகிறேன். நூலகத்தில் எதிலிருந்து தொடங்குவது? அங்கு நடக்கும் கண்காட்சி, கூத்து நிகழ்வுகளுக்குப் போனால் ஆய்வுக்குப் பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வந்தாறுமூலை வளாகத்தில் படித்து, கூத்திலேயே ஆய்வேடு எழுதியவள் நான். நிகழ்வுகளுக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் வாசித்துவிட்டுப் போங்கள்.

முதலில் பேராசிரியர் சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' (1998). கூத்தின் இரு ஆட்டமரபுகளான வடமோடி, தென்மோடி வேறுபாடு மனதில் பதியும்வரை அதை விடாதீர்கள். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) கூத்தாடிய ஊர்களையும் அங்குள்ள வழிபாட்டையும் விளங்க வைக்கும். சு. வித்தியானந்தன் 1962இல் பதிப்பித்த 'அலங்காரரூபன் நாடகம்' தென்மோடிக்கு நல்ல பனுவல்.

நூலக வகுப்பெண்ணில் நாட்டார் வழக்காறு 398, அரங்கு 792, தமிழ் இலக்கியம் 894.811 என்று கூத்து நூல்கள் வெவ்வேறு றாக்கைகளில் சிதறிக் கிடக்கும். மூன்றையும் பாருங்கள். பழைய மாணவர் ஆய்வேடுகளைக் கேட்டு வாங்கி, பின்னிணைப்பைப் புரட்டுங்கள். கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரின் நேர்காணல்களும் கொப்பியிலிருந்து பார்த்தெழுதிய பாட்டுகளும் அங்கேதான் இருக்கும், அச்சில் வராதவை. பழைய சஞ்சிகைகளுக்கு 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் என்பதால் அப்போது கண்காட்சிகள் கூடுதல். நான் போன ஒன்றில், கையால் எழுதிய கூத்துக் கொப்பி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்தார்கள். வயதான அண்ணாவியார் ஒருவர் குனிந்து பார்த்து, அதிலிருந்த தருவை, அதாவது கூத்துப் பாட்டை, மெல்லப் பாடத் தொடங்கினார். கொப்பியில் இருந்தது இரண்டே வரி. அவரோ இடையில் மத்தள அடிக்குரிய சொற்களான தாளக்கட்டைச் சொல்லி, விரலால் கண்ணாடியில் தட்டி, நெடுநேரம் பாடினார். "இதை ஏன் ஐயா எழுதேல்ல?" என்று கேட்டேன். "அது மத்தளக்காரனுக்குத் தெரியும்தானே மகள்" என்றார். அச்சிட்ட பனுவல்களை முன்பே வாசித்திருந்ததால்தான் அந்த இடைவெளி எனக்குக் கண்ணில் பட்டது. என் ஆய்வேட்டில் ஓர் இயலே அதிலிருந்து வந்தது.

மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஆடுவதை மட்டும் வைத்து ஆட்டமுறையை எழுதிவிடாதீர்கள். ஊரில் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியில் விடிய விடிய ஆடும்போது பாத்திரங்களின் வரவும் தாளமும் எடுக்கும் நேரமே வேறு. அதையும் ஒருமுறை இருந்து பாருங்கள்.

ஆடிக் களைத்தவரை அங்கேயே பிடித்து வைத்துக் கேள்வி கேட்பது சரியில்லை. வீட்டுக்கு வழி கேட்டு வைத்து, பிறகொரு பின்னேரம் போங்கள். ஒலிப்பதிவுக்கு முதலில் அனுமதி கேளுங்கள். ஆய்வேடு முடிந்ததும் ஒரு பிரதியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.